மாடி வீட்டில் பாட்டு, படிக்கட்டில் கொலை!

லண்டனை உலுக்கிய வாடகை வீட்டு ஸ்டூடியோ

மாடியில் இரவு பகலாகப் பாட்டுச் சத்தம். கீழே கடை வைத்திருக்கும் வீட்டுக்கார அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பார். பிறகு துடைப்பக் கட்டையை எடுத்து மேலே 'டொக் டொக்' என்று இடிப்பார். மாடிக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. ஸ்பீக்கரைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பி வைத்து, சத்தத்தை இன்னும் கூட்டுவார்!

நம்ம ஊர் குடித்தனச் சண்டை மாதிரி இருக்கிறதா? நடந்தது லண்டனில். கடைசியில் இரண்டு உயிர் போயிற்று.

மாடிக்காரர் பெயர் ஜோ மீக். பெரிய ஸ்டூடியோக்களில் ஒலிப்பதிவு வேலை பார்த்தவர். முதலாளிகளோடு ஒத்துப்போகவில்லை. 1960-ல் ஹாலோவே ரோட்டில் 304-ம் நம்பர் கட்டிடத்துக்குக் குடிவந்தார். கீழே தோல் சாமான் கடை. மேலே வீடு. அந்த வீட்டுக்குள்ளேயே ஸ்டூடியோ போட்டார்.

குளியலறையில் மைக்!

ஸ்டூடியோ என்றதும் பளபளப்பாக நினைக்க வேண்டாம். தரையெல்லாம் ஒயர். மூலைக்கு மூலை டேப் குவியல். வயலின்காரர்கள் படிக்கட்டில் நின்று வாசித்தார்கள். எதிரொலி வேண்டுமா? மைக் குளியலறைக்குப் போய்விடும்!

1964-ல் 'ஹனிகோம்ப்ஸ்' குழுவின் பாட்டு ஒன்றுக்குத் தாளம் பலமாக வேண்டியிருந்தது. குழுவினரை மரப் படிக்கட்டில் நிற்கவைத்து, தடதடவென்று மிதிக்கச் சொன்னார். மைக்குகளைக் கைப்பிடிக் கம்பியில் கட்ட, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பேண்டில் மாட்டும் கிளிப்பே போதுமானதாக இருந்தது. அந்தப் பாட்டு இங்கிலாந்தில் முதல் இடம் பிடித்தது.

சேர்த்தால் சேர்த்ததுதான்

இன்று லேப்டாப்பில் தாளம் தனியாக, குரல் தனியாகப் பதியலாம். பிடிக்காவிட்டால் அழிக்கலாம். மீக் கையில் இருந்தது டேப் மெஷின்கள்தான்.

ஒரு மெஷினில் தாளத்தைப் பதிவார். அதை ஓடவிட்டுக் கூடவே பாடவைப்பார். இரண்டையும் சேர்த்து இன்னொரு மெஷினில் பிடிப்பார். அதன்பின் பிரிக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் 'உஸ்' என்ற இரைச்சலும் ஏறும். எது தூக்கல், எது அடக்கம் என்பதைக் காது அப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

இத்தனைக்கும் அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. மெட்டை முனகி டேப்பில் பதிந்து கொடுப்பார். வாத்தியக்காரர்கள் அதைக் கேட்டுச் சுரம் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

1962 ஜூலையில் 'டெல்ஸ்டார்' செயற்கைக்கோள் பறந்தது. அதே பெயரில் ஒரு இசைத்தட்டு போட்டார் மீக். வாசித்தது 'டோர்னடோஸ்' குழு. ஆரம்பத்தில் ராக்கெட் கிளம்புகிற மாதிரி சத்தம். எல்லாம் வீட்டில் தயாரித்ததுதான்! தட்டு லட்சக்கணக்கில் விற்றது. அமெரிக்கப் பட்டியலில் முதல் இடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் குழு என்ற பெயரும் கிடைத்தது.

பணம் எங்கே?

கையில் பணம் கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை. மெட்டு தன்னுடையது என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை 'டெல்ஸ்டார்' ராயல்டி நிறுத்தி வைக்கப்பட்டது.

வருஷங்கள் ஓடின. புதுப் பாட்டுகள் எடுபடவில்லை. கடன் ஏறியது. தன்னை ஒட்டுக் கேட்கிறார்கள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. மனம் கலங்கிப்போனார்.

1967 பிப்ரவரி 3. வீட்டுக்கார அம்மா வயலட் ஷென்டன் மாடிக்கு வந்தார். வாய்த்தகராறு. பாடகர் ஒருவருக்குச் சொந்தமான துப்பாக்கி அந்த வீட்டில் இருந்தது. மீக் அதை எடுத்துச் சுட்டார். குண்டு பாய்ந்த அந்த அம்மா படிக்கட்டில் உருண்டார். பிறகு மீக் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவருக்கு வயது 37.

ஊரே பேசிய பாட்டுக்குத் தாளம் போட்ட வீடு அது. அங்கே ஒரு பாவமும் அறியாத பெண் பலியானார்.

வீட்டில் இருந்த 1,800-க்கும் மேற்பட்ட டேப்புகளைத் தேயிலைப் பெட்டிகளில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோனார்கள். 2020-ல் அவற்றை ஒரு இசைத்தட்டுக் கம்பெனி வாங்கியது.

வழக்கு என்ன ஆயிற்று? மீக் பக்கமே தீர்ப்பானது. மெட்டு அவருடையதுதான், பணமும் அவருடையதுதான் என்று ஆயிற்று.

வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.