துப்பாக்கிக்கு எதிரே ஒரு சைக்கிள்!

புதுச்சேரி கடற்கரைச் சாலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டிகளுக்குத் தடை. ஆபீஸ் முடிந்து டிபன் பாக்ஸோடு காற்று வாங்க வந்தவர்கள், சுண்டல், பலூன், குழந்தைகளின் அடம்... நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் இரண்டு இளைஞர்கள். ஆபீஸ் ஐ.டி. கார்டு இன்னும் கழுத்தில். செல்போனில் ஏதோ ஒரு நாட்டுச் சண்டைக் காட்சி. மாடிக் கட்டடம் ஒன்று புழுதியாகச் சரிகிறது.

"செம மச்சி! இப்படித்தான் போட்டுத் தள்ளணும்!"

"இரு, இன்னொண்ணு இருக்கு. அது இன்னும் சூப்பர்!"

சிக்ஸர் பார்த்த மாதிரி இருவர் முகத்திலும் சந்தோஷம். நான் குற்றம் சொல்ல வரவில்லை. என் இருபது வயதில் செல்போன் கிடையாது. இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்!

அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். 1914-18 முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய் உயிரை விட்ட பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுப்பியது. ஜூலை 14 வந்தால் விளக்கு அலங்காரம், மலர் வளையம். மற்ற நாட்களில் செல்ஃபி.

'சொல்தா' என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு உடனே புரியும். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். பிற்பாடு இந்தோசீனா, அல்ஜீரியா என்று யார் யார் சண்டைக்கோ போய்விட்டு வந்தவர்களும் உண்டு. திரும்பி வந்தவருக்குப் பென்ஷன். வராதவருக்குக் கல்.

அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பெண்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். ஒருவர், அந்தக் கல் நடக் காரணமான போர் வரும் வரும் என்று தொண்டை வறளக் கத்தியவர். இன்னொருவர், இதே கடலில் தெற்கே போனால் வருகிற யாழ்ப்பாணத்தில், நம் பாஷையில் அதே காரியத்தைச் செய்தவர்.

ஒரே வாரத்தில் ராஜினாமா!

முதலாமவர் பெர்த்தா. 1843-ல் பிராக் நகரத்தில் பிறந்தார். பிரபு குடும்பம். அப்பா ஆஸ்திரிய ராணுவத்தில் பெரிய தளபதி. மகள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனார். பெயர்தான் பெரிய வீடு, கையில் காசு இல்லை. வியன்னாவில் சுட்னர் என்ற பணக்காரர் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலைக்குப் போனார். போன இடத்தில் அந்த வீட்டுப் பையன் ஆர்தரோடு காதல். பையனுக்கு ஏழு வயது குறைவு. விடுவார்களா? வேலை காலி!

அப்போது பேப்பரில் ஒரு 'ஆள் தேவை' விளம்பரம். பாரிஸில் இருக்கும் வசதியான ஒருவருக்குப் பல மொழி தெரிந்த பெண் செக்ரட்டரி வேண்டும். விளம்பரம் கொடுத்தவர் யார் தெரியுமா? ஆல்ஃபிரட் நோபல். டைனமைட் கண்டுபிடித்த அதே நோபல்தான்! பெர்த்தா வேலையில் சேர்ந்தார். ஏறக்குறைய ஒரு வாரம்தான் பார்த்தார். காதல் தாங்கவில்லை. வியன்னாவுக்கு ஓடிவந்து, 1876-ல் ஆர்தரை ரகசியமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, இருவருமாக ஜார்ஜியா நாட்டுக்குப் போய்விட்டார்கள். நோபலுடன் கடிதப் போக்குவரத்து மட்டும் கடைசிவரை நிற்கவில்லை.

இளம் வயதில் போரைப் பற்றிக் கவலையே படாதவர்தான் பெர்த்தா. பிறகு படித்தார், விசாரித்தார், அதிர்ந்தார். 1889-ல் ஒரு நாவல் எழுதினார். 'ஆயுதங்களைக் கீழே போடுங்கள்' என்பது தலைப்பின் அர்த்தம். பத்திரிகைக்காரர்கள் 'வேண்டாம்மா' என்று திருப்பி அனுப்பினார்கள். புத்தகமாக வந்ததும் நாடு நாடாக ஓடியது. போரைத் தளபதியின் பக்கத்திலிருந்து சொல்லாமல், போருக்குப் போனவனின் பெண்டாட்டி பக்கத்திலிருந்து சொன்னதுதான் விசேஷம். அதில் கதாநாயகி முதல் கணவனைப் போரில் இழக்கிறாள். இரண்டாவது கணவனை ஒற்றன் என்று சந்தேகப்பட்டுச் சுட்டுவிடுகிறார்கள்.

பெர்த்தா சொன்னது சிக்கலான தத்துவம் ஒன்றும் இல்லை. 'பாதுகாப்புக்குத்தான் ஆயுதம்' என்று இவன் சொல்கிறான். அவனும் அதையேதான் சொல்கிறான். அப்புறம் தாக்குவது யார்? இரண்டு வீட்டுக்காரருக்குள் வரப்புத் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகிறோம். இரண்டு நாட்டுக்குள் வந்தால் மட்டும் ஏன் கொலை?

பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. 'சமாதான பெர்த்தா' என்று பட்டப்பெயர் வேறு. நோபலே முழுசாக நம்பவில்லை. 'உங்கள் மாநாடுகளைவிட என் வெடிமருந்துத் தொழிற்சாலைகள் சீக்கிரம் போரை நிறுத்தும். அழிவைப் பார்த்தால் பயந்து விட்டுவிடுவார்கள்' என்பது அவர் கட்சி. பயந்தார்களா? நமக்குத் தெரியும். ஆனாலும், நோபல் தன் உயிலில் சமாதானத்துக்கும் ஒரு பரிசு வைத்ததற்கு பெர்த்தாவின் நட்பு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். 1905-ல் அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண்ணும் பெர்த்தாவேதான்.

1911-ல் லிபியாவில் இத்தாலிய விமானம் ஒன்று வானத்திலிருந்து குண்டு போட்டது. உலகத்திலேயே முதல் தடவை. அடுத்த வருடமே பெர்த்தா, ஆகாயத்தையும் காட்டுமிராண்டித்தனமாக்குகிறீர்களே என்று எழுதினார். செல்போனில் சரிந்த அந்த மாடிக் கட்டடத்தை நூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டார், பாருங்கள்!

1914, ஜூன் 21. பெர்த்தா கண்ணை மூடினார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூன் 28. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். வெடித்தது முதல் உலகப் போர். எங்கோ ஐரோப்பாவில் சுட்ட துப்பாக்கிக்குப் புதுச்சேரியில் கல் நட வேண்டி வந்தது.

'நம்ம பையன்கள்'

இரண்டாமவர் ரஜனி திராணகம. யாழ்ப்பாணத்தில் 1954-ல் பிறந்தவர். அப்பா வாத்தியார். வீட்டில் நான்கு பெண்கள், இவர் இரண்டாவது. கொழும்பில் டாக்டருக்குப் படிக்கும்போது, மாணவர் அரசியலில் இருந்த தயாபால என்ற சிங்கள இளைஞரைக் காதலித்துக் கைப்பிடித்தார். இரண்டு பெண் குழந்தைகள்.

ரஜனி ஒன்றும் ஆரம்பத்திலேயே 'சாந்தி சாந்தி' என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இல்லை. அப்படி வர முடிகிற காலமும் அது இல்லை. 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். 1983 ஜூலையில் தமிழர்களை வீடு வீடாகத் தேடி வெட்டினார்கள். அக்கா நிர்மலா பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 1982-லேயே ஜெயிலுக்குப் போனார். காயம்பட்டு வந்த புலிகள் இயக்கப் பையன்களுக்கு ரஜனி மருந்து போட்டார். இயக்கத்துக்கு ஆதரவாக வேலையும் செய்தார். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனபோதும் அந்த ஈடுபாடு தொடர்ந்தது.

பிறகுதான் கேள்விகள். ஒரே லட்சியம் என்று சொன்ன இயக்கங்கள் ஏன் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கின்றன? 'துரோகி' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டால், ஒருத்தனைக் கொன்றது சரியாகிவிடுமா? 1986-ல் ஒரு இயக்கத்துப் பையன்களை இன்னொரு இயக்கம் தெருவில் வைத்துத் தீர்த்தபோது ஊர் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. ரஜனி இயக்கத்தைவிட்டு விலகினார். அதே 1986-ல் யாழ்ப்பாணம் திரும்பி, பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறைக்குத் தலைமை ஏற்றார். 'லண்டன்லயே இருந்துட வேண்டியதுதானே?' என்று நாம் கேட்போம். அவர் கேட்கவில்லை.

1987-ல் இந்திய அமைதிப்படை போனது. பெயரில்தான் அமைதி. அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. அந்த மாதம் 21-ம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நம் பக்கமும் இழப்பு கொஞ்சமில்லை. 1990-ல் திரும்புவதற்குள் ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் உயிரை விட்டிருந்தார்கள்.

ரஜனி நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பிள்ளையை இழந்த அம்மாக்கள், புருஷன் போன பெண்கள், சிப்பாய்களால் சீரழிக்கப்பட்டு, அப்புறம் ஊர் வாயாலும் சீரழிக்கப்பட்ட சின்னப் பெண்கள்... எல்லாருடைய கதையையும் கேட்டு எழுதினார். சக ஆசிரியர்களோடு சேர்ந்து 1988-ல் மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைத் தொடங்கினார். நான்கு பேராக எழுதிய புத்தகம்தான் 'முறிந்த பனை'.

அதில் இலங்கை ராணுவம் செய்தது இருக்கும். இந்தியப் படை செய்தது இருக்கும். புலிகளும் மற்ற இயக்கங்களும் செய்தது இருக்கும். அங்கேதான் வம்பு! எதிரியின் கொடுமையை எழுதினால் ஊரே கைதட்டும். 'நம்ம பையன்கள்' செய்ததையும் அதே பேனாவால் எழுதினால்?

உரிமை கேட்காதே என்று ரஜனி ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கேட்டது வேறு. சொந்த ஜனங்களின் வாயையே அடைக்கிற துப்பாக்கி, ஜெயித்த பிறகு மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்குமா?

தனக்கு என்ன நடக்கும் என்பதும் தெரிந்தே இருந்தது. என்றாவது ஒரு துப்பாக்கி என்னை அடக்கும், அதைப் பிடித்திருப்பவன் வெளியாளாக இருக்க மாட்டான், இதே சமூகம் பெற்ற பிள்ளையாகத்தான் இருப்பான் என்ற பொருளில் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்.

1989, செப்டம்பர் 21. பல்கலைக்கழக வேலை முடித்து, சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. குடும்பமும் சக ஆசிரியர்களும் புலிகளைத்தான் கைகாட்டினார்கள். யாருக்கும் இதுவரை தண்டனை இல்லை. 'முறிந்த பனை' 1990-ல் அச்சாகி வந்தபோது எழுதியவர்களில் ஒருவர் இல்லை. இருபது வருடம் கழித்து, 2009 மே மாதம் போர் முடிந்தபோது, அவர் கதை கேட்டு எழுதிய மாதிரியான அம்மாக்கள் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தார்கள்.

கொஞ்சம் கணக்கு

பெர்த்தாவின் நாவல் 1889. ரஜனியின் மரணம் 1989. நடுவில் சரியாக நூறு வருடம். ஒருவருக்கு நோபல் பரிசு, ஆஸ்திரியாவின் இரண்டு யூரோ காசில் முகம். இன்னொருவருக்குத் தலையில் குண்டு. ஆனால் இருவரும் செய்த காரியம் ஒன்றுதான். பட்டாளத்துப் பிரபுக்கள் வீட்டில் பிறந்த பெர்த்தா, பட்டாளத்துப் பிரபுக்களிடமே 'தப்பு' என்றார். இயக்கப் பையன்களுக்குக் கட்டுப்போட்ட ரஜனி, அந்தப் பையன்களிடமே 'தப்பு' என்றார்.

எதிரியைத் திட்ட வீரம் வேண்டாம் சார். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே திட்டலாம். நம் ஆளைப் பார்த்து 'இது தப்புப்பா' என்று சொல்லத்தான் நெஞ்சுரம் வேண்டும். சமாதானம் பேசுகிறவன் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பவர்கள், ரஜனி அந்த ஊரில் தினமும் சைக்கிளில் போய் வந்ததைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

கடற்கரையில் இருட்டிவிட்டது. பையன்கள் எழுந்தார்கள். ஒருவன் போனை என்னிடம் நீட்டினான்.

"சார், ஒரு போட்டோ எடுங்களேன். பின்னாடி அந்த மெமோரியல் நல்லா தெரியணும்."

எடுத்துக் கொடுத்தேன். "அது என்னன்னு தெரியுமாப்பா?" என்றேன்.

"ஏதோ வெள்ளைக்காரங்க கட்டினது சார்..."

"கட்டினது வெள்ளைக்காரங்க. செத்ததுல உன் வயசுப் பசங்களும் உண்டு. இந்த ஊர்ப் பசங்க."

திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.