மின்னலும் அலையும் காமிராவும்

மின்னலைப் படம்பிடிப்பவர்கள் அதைக் கண்டவுடனே காமிராவின் விசையை அமுக்கிவிடுகிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது இயலாத காரியம். நம் கண் மின்னலைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, விரல் விசையை அமுக்குவதற்குள் மின்னல் பெரும்பாலும் மறைந்துவிடும். இக்கலைக்கு வேண்டியது வேகம் அன்று, பொறுமை. காமிராவை ஒரு முக்காலியின் மேல் அசையாமல் நிறுத்தி, மேகம் திரண்டிருக்கும் திசையை நோக்கித் திருப்பி, ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வருகின்ற மின்னல் தன் உருவத்தைத் தானே எழுதிவிட்டுப் போகும்.

இதை விளக்குவதற்குச் சேரப்பணஞ்சேரியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில், ஒரகடத்துக்கு அருகில் உள்ள ஊர் அது. மேடுபள்ளம் அதிகம் இல்லாத நிலம். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த பகுதி. ஆகவே வானம் அகன்று தெரியும். கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் கடல். கோடைக்காலத்தில் பிற்பகலில் கடற்காற்று உள்நாட்டை நோக்கிப் புகுகிறது. நிலத்தின் மேல் காய்ந்து கிடக்கும் வெப்பக் காற்றை அது சந்திக்குமிடத்தில் காற்று மேலெழுந்து, இடிமேகமாகத் திரள்கிறது. இவ்வாறு மேற்கே பிறக்கும் மேகங்கள் மாலையிலும் முன்னிரவிலும் பல நாட்களில் கடற்கரையை நோக்கி நகர்ந்து வருவதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை மாறி, வடகிழக்குப் பருவக்காற்றின் மேகங்கள் கடலிலிருந்து வருகின்றன. எந்த மாதத்தில் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று அறிந்திருப்பதே படம்பிடிப்பவனுடைய முதற்பாடம்.

இரண்டாம் பாடம் ஒளிக் கணக்கு. ஒரு மின்னல், தொடக்கம் முதல் முடிவு வரை, பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் ஷட்டரை 5 விநாடி திறந்து வைத்தாலும் 30 விநாடி திறந்து வைத்தாலும், அந்த மின்னலிலிருந்து காமிராவுக்குள் வரும் ஒளி ஒன்றேதான். ஆகவே மின்னலின் பிரகாசத்தைக் கட்டுப்படுத்துவது லென்ஸின் துவாரமேயன்றி, திறந்து வைக்கும் நேரம் அன்று. ஆனால் தெருவிளக்கு, மேகத்தின் மேல் படியும் நகர வெளிச்சம் ஆகியவை திறந்திருக்கும் நேரம் முழுவதும் சேர்ந்துகொண்டே போகும். இருண்ட கிராமத்தில் 30 விநாடி வரை காத்திருக்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலோ, இரவு முழுவதும் எரியும் தொழிற்சாலை விளக்குகள் மேகத்தின் அடிவயிற்றைச் செம்மஞ்சளாக்கிவிடுகின்றன. அங்கே அத்தனை நேரம் திறந்து வைத்தால் வானமே வெளுத்து, மின்னற்கொடி அதில் கரைந்துவிடும். நான் அப்பகுதியில் லென்ஸை எப் 8 என்ற அளவிலும், ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 100 என்ற அளவிலும் வைத்து, 8 அல்லது 10 விநாடிக்கு ஒரு படமாகத் தொடர்ந்து எடுப்பது வழக்கம். நூறு படங்களில் மூன்றோ நான்கோ தேறினால் அது நல்ல இரவு.

இவ்வளவு பாடுபடுவதனால் என்ன பயன் என்று கேட்கலாம். முற்காலத்து ஓவியர்கள் மின்னலை ரம்பத்தின் பற்களைப் போலக் கூர்மையாக மடிந்து மடிந்து இறங்குவதாக வரைந்து வந்தார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த வில்லியம் ஜென்னிங்ஸ் என்பவர் அது மெய்தானா என்று அறிய விரும்பி, 1882-ஆம் ஆண்டில் மின்னலைப் படம்பிடித்துக் காட்டினார். படத்தில் ரம்பப் பற்கள் இல்லை. கிளைகள் பிரிந்து வளைந்தோடும் நதியைப் போன்ற உருவமே இருந்தது. நம் முன்னோர் ‘கொடி மின்னல்’ என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்த படி இன்னும் வியப்பானது. ஆங்கில விஞ்ஞானி சார்ல்ஸ் வெர்னான் பாய்ஸ் 1900-ஆம் ஆண்டையொட்டி, லென்ஸ்கள் வேகமாகச் சுழலும் ஒரு காமிராவை அமைத்தார். மின்னலின் வெவ்வேறு கணங்கள் வெவ்வேறு இடத்தில் பதியும்படி செய்வதே அதன் தத்துவம். அத்தகைய காமிராவைக் கொண்டு, 1930-களில் தென்னாப்பிரிக்காவில் பேஸில் ஷான்லண்டும் அவருடைய தோழர்களும் மின்னலின் வரலாற்றையே படித்துவிட்டார்கள். முதலில் மேகத்திலிருந்து ஒரு மங்கிய கீற்று, சுமார் 50 மீட்டர் அளவுள்ள படிகளாகத் தயங்கித் தயங்கித் தரையை நோக்கி இறங்குகிறது. அது தரையை எட்டியதும், அதே பாதையில் கண்ணைப் பறிக்கும் பேரொளி கீழிருந்து மேலே பாய்கிறது. நாம் ‘மின்னல்’ என்று காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாய்ச்சலைத்தான். ஒரே பாதையில் மூன்று நான்கு பாய்ச்சல்கள் அடுத்தடுத்து நிகழ்வதால்தான் சில மின்னல்கள் துடிப்பதுபோல் தோன்றுகின்றன.

இரவு வானத்துக்குச் சொன்ன தத்துவமே பகற்கடலுக்கும் பொருந்தும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் அருகே அலை மோதும் பாறைகளை நோக்கிக் காமிராவை நிறுத்துங்கள். ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடி ஒன்றை லென்ஸின் முன்னே பொருத்தினால், ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு திறக்க வேண்டிய ஷட்டரை அரை நிமிஷத்துக்கு மேல் திறந்து வைக்கலாம். அதற்குள் பல அலைகள் வந்து போகும். அசையாத பாறை தெளிவாக நிற்க, அசைந்த நீரெல்லாம் வெண்பனிபோல் படர்ந்துவிடும். ஈரமணலில் முக்காலியின் கால்கள் மெல்ல இறங்கும். ஆதலால் அவற்றை முன்னதாகவே அழுத்தி ஊன்றிவிட வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கண் காணாத காட்சியைக் காட்டும் படம் மெய்யா, பொய்யா? கேள்வி பழையது. பிரான்ஸ் தேசத்து குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடற்காட்சிகளை எடுத்தபோது, கடலுக்கு ஒரு நெகடிவ், வானுக்கு ஒரு நெகடிவ் என்று இரண்டை இணைத்துச் சில படங்களை ஆக்கினார். சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்து 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப், வெறுமையாக விழுந்த வானத்தில் மேகங்களை நெகடிவின் மேலேயே தீட்டிச் சேர்த்ததுண்டு. அக்காலத்து நெகடிவ்கள் நீலநிறத்தை மிகுதியாக உணர்ந்ததால் மேகம் பதிவதில்லை. இன்று கணினியைக் கொண்டு இருபது மின்னல்களை ஒரே படத்தில் அடுக்கிவிடலாம்.

என் கருத்து இது. பத்து விநாடியில் விழுந்த இரண்டு மின்னல்கள் ஒரே படத்தில் இருப்பது பொய் ஆகாது. அது பத்து விநாடியின் வரலாறு. ஆனால் இரண்டு மணி நேரத்து மின்னல்களை அடுக்கிவிட்டு, ஒரு கணத்தின் காட்சி என்று சொல்வது பொய். ஆகவே படத்தின் கீழே இடம், நாள், திறந்திருந்த நேரம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் அழகிய படம் விஞ்ஞானச் சான்றாகவும் ஆகிவிடும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்கிறேன். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலால் மாண்டுபோகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயலிலும் வெளியிலும் மரத்தடியிலும் இருந்தவர்கள். ஏரிக்கரையின் மேல் உலோக முக்காலியுடன் தனித்து நிற்பவன் அந்த வெளியில் மிக உயர்ந்த பொருளாகிவிடுகிறான். நல்ல காட்சி கிடைக்கும் இடமே பெரும்பாலும் கெட்ட இடம்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், கிலோமீட்டர்க் கணக்கில் தொலைவு கிடைக்கும். முப்பது விநாடிக்குக் குறைந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அடுத்தது உங்கள் தலைமேலும் விழலாம். உடனே கட்டிடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள மோட்டார் வண்டிக்குள்ளோ சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழியும் வரை வெளியே வரலாகாது. மரத்தடியும் ஓலைப்பந்தலும் அடைக்கலம் அல்ல. உள்ளே வந்தபின் காமிராவை மூடிய ஜன்னல் கண்ணாடியின் பின்னே நிறுத்தி வேலையைத் தொடரலாம். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் அமைத்துள்ள ‘தாமினி’ என்ற கைப்பேசிச் செயலி, அருகில் மின்னல் விழுவதை எச்சரிக்கிறது. அதையும் துணையாகக் கொள்ளுங்கள்.

வீட்டில் நல்ல காமிரா இல்லையே என்று மாணவர்கள் வருந்த வேண்டியதில்லை. அடுத்த மழையிரவில் ஜன்னலருகே உட்கார்ந்து, மின்னலின் திசை, துடிப்பு, இடி வரும் வரை கழிந்த விநாடி ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். மேகம் வருகிறதா, போகிறதா என்பதை அந்தக் கணக்கே உங்களுக்குச் சொல்லிவிடும். காமிரா பிறகு வந்து சேரட்டும். பார்க்கும் பழக்கம் முதலில் வரட்டும்.