ஊர் சுமத்திய பழி!

தாம்பரம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் நின்று பாருங்கள். சென்னைக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். 1931-ல் ஓடத் தொடங்கிய ரயில் இது. குரோம்பேட்டை, பல்லாவரம் பெண்கள் படிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் இதுவே வழி செய்தது. ஆனால் மாலையில் மகள் வர ஒரு மணி நேரம் தாமதமானால், தாய் வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடப்பாள். மகளுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம் பாதி. எதிர்வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயம் பாதி!

இந்தப் பயத்தைத்தான் எழுத்தாளர் ஜெயகாந்தன் கதையாக்கினார். 1966-ல் "ஆனந்த விகடன்" பத்திரிகையில் அது வெளிவந்தது. பெயர் "அக்கினிப் பிரவேசம்".

மழை பெய்யும் மாலை. கல்லூரி வாசலில் ஏழை மாணவி ஒருத்தி பஸ்சுக்குக் காத்து நிற்கிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. உலகம் அறியாத பெண், ஏறிவிடுகிறாள். காரில் வந்தவன் அவளைக் கெடுத்துவிடுகிறான்.

வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்லி அழுகிறாள். தாய் ஆத்திரத்தில் அடிக்கிறாள். பிறகு? மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டுகிறாள். உன்மேல் களங்கம் இல்லை என்று தேற்றுகிறாள். வெளியே ஒருவருக்கும் தெரியாது.

வாசகர்களிடையே பெரும் புயல் கிளம்பியது. இப்படியும் ஒரு தாய் உண்டா என்று பலர் கொதித்தார்கள்.

தாய் கூச்சலிட்டால்?

ஜெயகாந்தன் விடவில்லை. அந்தத் தாய் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிக் காட்டினார். அதுதான் "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவல்.

அதில் வரும் பெண் கங்கா. தாயின் கூச்சலால் விஷயம் அம்பலமாகிறது. அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். மாமா படிக்கவைக்கிறார். பெரிய உத்தியோகமும் கிடைக்கிறது. ஆயினும் பழி போகவில்லை. ஆதரவு தந்த மாமாவே அவளைத் தகாத எண்ணத்தோடு பார்க்கிறார்!

சிவப்பு எழுத்து

இதே போன்ற கதையை 1850-லேயே அமெரிக்காவில் நதானியேல் ஹாதார்ன் எழுதினார். "தி ஸ்கார்லெட் லெட்டர்" என்பது நாவலின் பெயர். சிவப்பு எழுத்து என்று பொருள்.

பாஸ்டன் நகரம். பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள் வாழ்ந்த காலம். கணவன் அருகில் இல்லாத ஹெஸ்டர், ஒரு பெண் குழந்தையைப் பெறுகிறாள். கைக்குழந்தையோடு அவளை மேடையில் மூன்று மணி நேரம் நிறுத்துகிறார்கள். ஆயுள் முழுவதும் மார்பில் சிவப்பு நிற "ஏ" எழுத்தை அணிய வேண்டும். கள்ள உறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது.

"குழந்தைக்குத் தகப்பன் யார்?" என்று கேட்கிறார் இளம் பாதிரியார். ஹெஸ்டர் வாய் திறக்கவில்லை. தகப்பனே அந்தப் பாதிரியார்தான்!

ஏழு ஆண்டுகள் அவர் மனம் புழுங்கிச் சாகிறார். கடைசியில் அதே மேடையில் ஏறி உண்மையைச் சொல்லி உயிர்விடுகிறார். ஹெஸ்டரோ தையல் வேலை செய்து பிழைக்கிறாள். நோயாளிகளுக்கு உதவுகிறாள். அந்த எழுத்துக்குத் "திறமைசாலி" என்று பொருள் என ஊராரே பேசத் தொடங்குகிறார்கள்.

ஹாதார்னின் முன்னோர் ஒருவர், 1692-ல் சேலம் நகரில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பலரைத் தூக்கிலிட்ட வழக்கில் நீதிபதியாக இருந்தவர். அந்த உறுத்தல் ஹாதார்னுக்கு இருந்தது.

ஹெஸ்டராவது விரும்பிச் செய்தாள். கங்கா செய்த குற்றம் என்ன? மழையில் காரில் ஏறியது. அவளைக் கெடுத்த பிரபுவை எந்த ஊரும் மேடையேற்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவளேதான் அவனைத் தேடிப் போகிறாள்.

நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. 1977-ல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் படமாக வந்தது. கங்காவாக நடித்த லட்சுமி, சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். பிரபுவாக நடித்தவர் ஸ்ரீகாந்த்.