பெயர் தேடிய உழைப்பு

நுழையும்முன்

கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஆயினும் நாள்தோறும் முதலிட்டுப் பொருள் வாங்கி, தலையில் சுமந்து விற்று, குடும்பத்தைக் காத்துவந்தனர் அகமதாபாத் நகரத்துப் பெண்கள் பலர். அவர்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கத்தின் வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஆலைக்கு வெளியே

குசராத்து மாநிலத்தில் சபர்மதி ஆற்றங்கரையில் அமைந்துள்ள அகமதாபாத், துணி ஆலைகளால் புகழ்பெற்ற நகரம். அங்கு அனசூயா சாராபாய், காந்தியடிகள் ஆகியோரின் முயற்சியால் 1920இல் நெசவாலைத் தொழிலாளர் சங்கம் உருவானது. ஆலையில் பணியாற்றியோருக்குச் சங்கம் இருந்தது. சட்டத்தின் பாதுகாப்பும் இருந்தது. ஆலைக்கு வெளியே காய்கறி விற்றவர்கள், பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்கியவர்கள், வீட்டிலிருந்தே பீடி சுற்றியவர்கள், துணி மூட்டைகளைத் தலையில் சுமந்தவர்கள் ஆகியோருக்கு இவ்விரண்டும் இல்லை. இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்களைச் சூழ்ந்திருந்த இடர்களுள் கடன் முதன்மையானது. காலையில் கடன் வாங்கிச் சரக்கு எடுத்து, மாலையில் விற்ற பணத்தில் வட்டியுடன் திருப்பிக் கொடுப்பது சிறுவணிகப் பெண்களின் வழக்கம். நூறு ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி பத்து ரூபாய் எனக் கொண்டால், பத்தே நாளில் முதலுக்கு இணையான தொகை வட்டியாகவே போய்விடும். எவ்வளவு உழைத்தும் கையில் முதல் சேராமைக்கு இதுவே காரணம்.

அட்டையில் அச்சேறிய சொல்

நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவை 1968 முதல் வழிநடத்தியவர், சட்டம் பயின்ற இலா பட். 1971ஆம் ஆண்டு, துணிச்சந்தையில் சுமைதூக்கும் பெண்கள் அவரிடம் வந்து முறையிட்டனர். தொலைவும் எடையும் கருதப்படாமல் நடைக்கு இவ்வளவு என்றே அவர்களுக்குக் கூலி தரப்பட்டது. எத்தனை நடை என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாமையால் அக்கூலியும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

இலா பட் இந்நிலையை நாளிதழில் எழுதினார். வணிகர்கள் மறுத்தனர், தாங்கள் நியாயமான கூலியே தருவதாக அதே வழியில் அறிவித்தனர். மகளிர் பிரிவு அம்மறுப்பையே தனக்குத் துணையாக்கிக்கொண்டது. வணிகர்கள் கூறிய கூலி விவரத்தைச் சிறு அட்டைகளில் அச்சிட்டுச் சுமைதூக்கும் பெண்களிடம் வழங்கியது. இனி, வணிகர் கூறிய கூலியை அவரிடமே கேட்டுப் பெறலாம் அல்லவா?

இச்செய்தி பரவியதும் பழைய துணி வணிகம் செய்த பெண்களும் வந்து சேர்ந்தனர். தமக்கெனத் தனிச்சங்கம் வேண்டும் என்னும் எண்ணம் அவர்கள் கூடிய கூட்டத்தில்தான் எழுந்தது.

பதிவுக்கு ஒரு போராட்டம்

சங்கத்தைப் பதிவு செய்வது எளிதாக இருக்கவில்லை. ‘முதலாளி இல்லாத இடத்தில் யாரை எதிர்த்துத் தொழிற்சங்கம்?’ என்பதே தொழிலாளர் துறையின் ஐயம். எவரையேனும் எதிர்ப்பதற்காக மட்டும் சங்கம் தோன்றுவதில்லை. உழைப்போர் தம்முள் ஒன்றுபடவும் சங்கம் தேவை எனப் பெண்கள் தரப்பு வாதிட்டது. முடிவில் 1972 ஏப்ரலில் ‘சுயதொழில் புரியும் பெண்கள் சங்கம்’ பதிவுபெற்றது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் இணைந்து ‘சேவா’ என்றாயின.

‘ஒழுங்குபடுத்தப்படாதவர்’, ‘சில்லறை வேலை செய்பவர்’ என்றெல்லாம் குறிக்கப்பட்டவர்கள், இப்பெயரால் தம் தொழிலுக்குத் தாமே உரியவர் என்னும் நிலையைப் பெற்றனர்.

பத்து ரூபாய்ப் பங்கு

1969இல் வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னரும் எழுத்தறியாத ஏழைப் பெண்களுக்கு வங்கியின் வாயில் எளிதில் திறக்கவில்லை. எனவே உறுப்பினர்களே தமக்கென ஒரு வங்கி தொடங்க முன்வந்தனர். நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை செலுத்த, 1974இல் மகளிர் கூட்டுறவு வங்கி உருவானது. கையெழுத்திட இயலாதவர்களை அடையாளம் காண, கணக்குப் புத்தகத்தில் ஒளிப்படம் ஒட்டப்பட்டது. எழுத்தறியாமை சேமிப்புக்குத் தடையாகாமல் காத்த எளிய ஏற்பாடு இது.

சந்தையில் ஓரிடம்

அகமதாபாத்தின் பழைய சந்தைப் பகுதியான மாணெக் சௌக்கில் தலைமுறை தலைமுறையாகக் காய்கறி விற்றவர்களுக்கும் உரிமம் இல்லை. அபராதமும் கூடைகள் பறிமுதலாவதும் அன்றாட அச்சங்களாக இருந்தன. அவர்களது உரிமைக்காகச் சேவா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னாளில் சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்காக நெடுங்காலம் குரல் கொடுத்த அமைப்புகளுள் சேவாவும் ஒன்று.

சங்கத்தின் வழியில் பிளவும் நேர்ந்தது. 1981இல் அது தாய்ச்சங்கத்தைப் பிரிந்து தனித்து இயங்க வேண்டியதாயிற்று. ஆயினும் தனக்கென உறுப்பினர்களும் வங்கியும் இருந்தமையால் தளராமல் வளர்ந்தது. வீட்டிலிருந்து தொழில் செய்வோரின் உரிமை குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஏற்ற உடன்படிக்கைக்கும் சேவாவின் உழைப்பு துணைநின்றது.

கூலி அட்டை, சங்கப் பதிவு, கணக்குப் புத்தகம், உரிமம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு துண்டுத்தாளே. ஆனால், கண்ணெதிரே இருந்தும் கணக்கில் வராத உழைப்பை அத்தாள்கள் கணக்கில் கொண்டுவந்தன. நாம் காய்கறி வாங்கும் தெருவோரத்திலும் கூடையின் பின்னே ஒரு வணிகர் அமர்ந்திருக்கிறார். அவரது முதல் எங்கிருந்து வருகிறது, அவர் அமரும் இடம் யாருடைய இசைவால் நிலைக்கிறது என எண்ணிப் பார்ப்பதே இவ்வரலாற்றைக் கற்றதன் பயனாகும்.