கல் தோற்றது, பிளாஸ்டிக் வென்றது

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதானால் அன்று இறக்குமதி வால்வுதான் கதியாக இருந்தது. ஏழைக்கோ அதன் விலை எட்டாக்கனியாக இருந்தது. இதற்கு விடை தேடியது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானின் குழு. மருத்துவர்களும் பொறியாளர்களும் கைகோத்தனர். யோசனைக்குத் தடையில்லை, சோதனையில் தேறாதது மட்டும் நிற்காது.

செயற்கை நீலக்கல் தட்டு தேயாது என்று நம்பினார்கள். விலங்குச் சோதனையில் அது உடைந்தது. மூன்று மாதிரிகள் கைவிடப்பட்டன. நான்காவதில் கோபால்ட் கலவைக் கூடு, பாலிஎத்திலீன் தட்டு. இயந்திரத்தில் கோடிக்கணக்கான முறை திறந்து மூடியும், செம்மறியாடுகளுக்குப் பொருத்தியும் பார்த்த பிறகே, 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பின்னர் டிடிகே நிறுவனம் தயாரித்த இந்த வால்வு 1 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டது. தோல்வியை ஒளிக்காத குழு தந்த உயிர்ப்பிச்சை!