ரேஸ் கார் செய்த ரேஸ் வீரர்



போன மாதம் வகுப்பில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். அதில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'சுயதொழில்' என்று எழுதிக் கொடுத்தேன். என் அப்பா சங்கராபுரத்தில் டூ வீலர் மெக்கானிக். கையெல்லாம் எப்போதும் கிரீஸ் கறையாகத்தான் இருக்கும். 'மெக்கானிக்' என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைப் போக்கிய ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நரேன் கார்த்திகேயன் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகின் பெரிய கார் பந்தயமான ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் இவர்தான். 2005-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார். அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் நான்காவதாக வந்தார். 2010-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சரி, அவர் தன் முதல் ரேஸை எந்தக் காரில் ஓட்டினார் தெரியுமா? ஃபார்முலா மாருதி என்ற காரில். அது வெளிநாட்டுக் கார் இல்லை. நம்ம கோயம்புத்தூரில் பிறந்த கார்! அதை உருவாக்கியவர் எஸ்.கரிவரதன்.

யார் இந்தக் கரிவரதன்?

இவர் 1954-இல் பிறந்தவர். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். மில்லைப் பார்த்துக்கொண்டு சொகுசாக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குக் கார் என்றால் உயிர். ஓட்டுவது மட்டும் இல்லை, பிரித்துப் பார்ப்பது, வரைவது, புதிதாகச் செய்வது எல்லாமே பிடிக்கும். அதனால்தான் அவரை ரேஸ் வீரர் என்றும் சொல்கிறார்கள், கார் வடிவமைப்பாளர் என்றும் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில்தான் பெரிய ரேஸ் நடக்கும். அது இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். கரிவரதன் அங்கே ஓட்டிப் புகழ் பெற்றவர். பிறகு 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தனியாக ரேஸ் தடம் வந்தது. ஒன்று கவனியுங்கள் நண்பர்களே: வீரர்கள் வேகம் போவது இந்த மாதிரி இடத்தில், ஹெல்மெட், பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு. கள்ளக்குறிச்சி ரோட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வண்டியை முறுக்குவதற்குப் பெயர் ரேஸ் இல்லை!

அவர் செய்த கார் எப்படிப்பட்டது?

ஃபார்முலா கார் என்றால் ஒரே ஒரு ஆள்தான் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. நான்கு சக்கரமும் உடம்புக்கு வெளியே தெரியும். வெளிநாட்டிலிருந்து ஒரு ரேஸ் கார் வரவழைக்க நிறையப் பணம் வேண்டும். பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும்.

அப்போது நம் நாட்டில் மாருதி 800 கார் ஓடிக்கொண்டிருந்தது. 1983-இல் வந்த கார். அதன் எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற காரின் எஞ்சின் அது. அதை எடுத்துத்தான் கரிவரதன் ரேஸ் கார் செய்தார்! 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி ரேஸ் தொடங்கியது.

இது எனக்குச் சரியாகப் புரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு சாக்பீஸை எடுத்துக் கடைத் தரையில் படம் போட்டார்.

"ஆட்டோவுல எஞ்சின் எங்கம்மா இருக்கு?"

"பின்னாடி."

"அதே மாதிரிதான். மாருதியில எஞ்சினும் கியர் பாக்ஸும் முன்னாடி ஒண்ணா இருக்கும், முன் சக்கரத்தைச் சுத்தும். அதை அப்படியே டிரைவருக்குப் பின்னால கொண்டு போயிட்டா பின் சக்கரத்தைச் சுத்தும். முன்பக்கம் காலியாயிடும், காரைத் தாழ்வா ஒல்லியா செய்யலாம்."

எதற்காகத் தாழ்வாக இருக்க வேண்டும்? மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். வளைவில் திரும்பும்போது சாய்ந்துவிடுமோ என்று நமக்கே பயமாக இருக்கும். சுமை உயரமாக இருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் மேலே இருக்கிறது. ரேஸ் காரில் இதற்கு நேர்மாறு. ஓட்டுபவர் ஏறக்குறைய படுத்துக்கொண்டே ஓட்டுவார். ஈர்ப்பு மையம் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் வேகமாகத் திரும்பினாலும் கவிழாது. எடையும் குறைவு என்பதால் சின்ன எஞ்சினே போதும்.

இன்னொரு விஷயமும் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். அப்படியானால் ஜெயிப்பது காசு இல்லை, திறமை!

அப்பா கேட்ட கேள்வி

கரிவரதன் கதையை முழுசாகச் சொன்னதும் அப்பா சிரித்தார். "அவரு மில்லுக்காரர் வீட்டுப் புள்ள. காசு இருந்துச்சு, செஞ்சாரு. நம்மளால ஆவுமா?" என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "காசு இருந்தா வெளிநாட்டுக் காரையே வாங்கி ஓட்டியிருக்கலாமேப்பா? எதுக்கு மாருதி எஞ்சினைப் போட்டாரு?"

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "ரிப்பேர் ஆனா இங்கேயே சாமான் கெடைக்கும். எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம். தனக்கு மட்டும்னா எதை வேணா வாங்கியிருப்பாரு. நாலு பேர் ஓட்டணும்னு நெனச்சிருக்காரும்மா" என்றார்.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தான் ஜெயிப்பவர் வீரர். மற்றவர்கள் ஏறி வர ஏணி செய்து கொடுப்பவர் அதைவிடப் பெரியவர். அந்த ஏணியில் முதல் படி ஏறியவர்தான் நரேன் கார்த்திகேயன்.

ஆனால் நரேன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியதைப் பார்க்கக் கரிவரதனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995-ஆம் ஆண்டு விமான விபத்தில் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 41தான். கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த ரேஸ் தடத்துக்கு அவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். சுமார் 2.1 கிலோமீட்டர் நீளம். மாருதி எஞ்சின் போட்ட எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்கள் அங்கே ரேஸ் ஓடியிருக்கின்றன. ஆள் போனாலும் அவர் காட்டிய வழி போகவில்லை.

நண்பர்களே! நாம் கைதட்டுவது எப்போதும் ஓட்டுபவருக்குத்தான். அந்த வண்டியைச் செய்த கைக்கும், பழுது பார்த்த கைக்கும் ஒரு தட்டு தட்டலாமே!

கடைசியாக ஒன்று. மறுநாள் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கினேன். 'சுயதொழில்' என்பதை அடித்துவிட்டு 'மெக்கானிக்' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். நான் என்ன ஆகப் போகிறேன் என்று கேட்டால், அதே வார்த்தையோடு வடிவமைப்பாளர் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி