தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

ஐப்பசி மாதத்து அடைமழை. ஆற்றிலே செந்நிற வெள்ளம். குளத்திலும் கிணற்றிலும் ஒரே கலங்கல். குடத்தை இறக்கி வைத்துப் பார்த்தால், உள்ளே இருப்பது தண்ணீரா, காப்பியா என்ற சந்தேகம் வந்துவிடும். ஆனால், அதைத்தான் குடித்தாக வேண்டும். அதிலேதான் உலை வைத்தாக வேண்டும்.

"மண்ணையும் நீரையும் பிரித்துவிட்டால் போதுமே!" என்று தோன்றும். பிரிப்பது ஒன்றும் பெரிய காரியம் அல்ல. ஆனால், எது பிரிந்தது, எது இன்னும் நீரிலேயே இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அதை அறியாமல் குடிப்பதால்தான் ஆபத்து வருகிறது.

அடுக்களை விஞ்ஞானம்

கலந்த பொருள்களைப் பிரிக்கும் கலையை நம் பெண்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தது இல்லை. ஆனால், நாள் முழுவதும் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

களத்திலே நெல்லைக் காற்றில் தூற்றுகிறார்கள். பதர் லேசானது, அதைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. நெல் கனமானது, அது காலடியிலேயே விழுகிறது. மாவைச் சலிக்கும்போது கனம் பார்ப்பது இல்லை, உருவத்தைத்தான் பார்க்கிறார்கள். சிறியது சல்லடைக் கண் வழியே இறங்கும். கப்பி மேலே நிற்கும்.

அரிசி அரிப்பதைக் கவனித்திருப்பீர்கள். பாத்திரத்தைத் தண்ணீரோடு சாய்த்து மெல்ல ஆட்டினால், அரிசி நீரோடு நகர்ந்து வேறு பாத்திரத்துக்குப் போகும். அரிசியைவிடக் கனமான கல் அடியிலேயே தங்கிவிடும்.

இந்த வேலைகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். கலந்திருக்கும் இரண்டு பொருள்களுக்குள் ஏதாவது ஒரு வித்தியாசம் இருக்கும். கனமோ, உருவமோ, கரையும் தன்மையோ எதுவாகவும் இருக்கலாம். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பிரித்துவிடலாம்.

காப்பி பில்டரைப் பாருங்கள். கொதிநீர், தூளின் சாரத்தைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. கரையாத சக்கை மேலேயே நின்றுவிடுகிறது. இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கரையாததைத்தான் வடிகட்டி தடுக்கும், கரைந்ததைத் தடுக்காது.

தேற்றாங்கொட்டையின் மாயம்

கலங்கல் நீரைச் சும்மா வைத்திருந்தால் மணல் சீக்கிரம் அடியில் இறங்கிவிடும். ஆனால், களிமண் இறங்காது. அதன் துகள்கள் மிக மிகச் சிறியவை. அதோடு, எல்லாத் துகள்களிலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். ஒன்று சேராத வரையில் கனம் ஏறாது. கனம் ஏறாத வரையில் கீழே இறங்காது.

இதற்கு நம் முன்னோர் கண்ட வழி தேற்றாங்கொட்டை. மண்பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை நன்றாக உரைத்துவிட்டு, கலங்கல் நீரை ஊற்றி அசையாமல் வைப்பார்கள். கொட்டையில் உள்ள பசை போன்ற பொருள்கள் களிமண் துகள்களைக் கட்டிச் சேர்க்கும். சேர்ந்த துகள்கள் கனத்து அடியில் படியும். மேல் நீரை மட்டும் மெதுவாக இறுத்துக்கொள்ளலாம். படிகாரமும் இதே வேலையைச் செய்கிறது. எத்தனையோ நகரங்களின் குடிநீர் நிலையங்களில் இன்றும் முதல் படியாகப் படிகாரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை! தேற்றா மரமும் எட்டி மரமும் ஒரே குடும்பம். எட்டிக்கொட்டை கடும் விஷம். காட்டிலே பொறுக்கிய கொட்டையை, சரியாகத் தெரியாமல் தண்ணீரில் போடக் கூடாது.

துணிக்கு அடங்காத உப்பு

நீர் தெளிந்துவிட்டது. ஆனால், வாயில் வைத்தால் கரிக்கிறதே! அதற்கு என்ன செய்வது?

எத்தனை மடிப்புத் துணியில் வடித்தாலும் உப்பு போகாது. அது கரைந்துவிட்ட பொருள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆனாலும், அந்த நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்.

வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உள்ள உப்பளங்களில் இதைப் பிரிக்கும் வழியைப் பார்க்கலாம். பாத்திகளில் உவர் நீரைத் தேக்கி வெயிலில் விடுகிறார்கள். நீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு ஆவியாகாது, பாத்தியிலே பூத்து நிற்கும். உப்பை வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். அதிலுள்ள மக்னீசிய உப்பு மிச்சமிருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சில உப்பு ஜாடிகளில் நீர் கோத்துக்கொள்வது இதனால்தான்.

உப்பு நீரைக் காய்ச்சினால் கரிப்பு போய்விடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. நீர் குறையக் குறையக் கரிப்பு கொஞ்சம் கூடவே செய்யும். மேலே மூடிய தட்டில் துளித்துளியாகக் கோத்து நிற்கிறதே, அதுதான் உப்பில்லாத நீர்.

பழைய சேலை காத்த உயிர்கள்

சரி, மண்ணும் இல்லை, உப்பும் இல்லை. இப்போது குடிக்கலாமா? கூடாது! கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று பாக்கி இருக்கிறது.

காலராக் கிருமி மிக நுண்ணியது. துணியின் கண்களில் தாராளமாகப் புகுந்து போய்விடும். ஆனால், குளத்து நீரில் அவற்றில் பெரும் பகுதி தனியாக வாழ்வது இல்லை. நீரில் நீந்தும் சின்னஞ்சிறு பூச்சிகள் மீது கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அந்தப் பூச்சிகளைத் துணியால் பிடித்துவிடலாம் அல்லவா?

ரீட்டா கால்வெல், அன்வர் ஹக் முதலிய விஞ்ஞானிகள் இப்படித்தான் யோசித்தார்கள். வங்காள தேசத்தில் மத்லாப் பகுதியில் 65 கிராமங்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே 1999 முதல் 2002 வரை சோதனை நடந்தது. பழைய பருத்திச் சேலையைக் குறைந்தது நான்கு மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, நீரை அதன் வழியே மொள்ளச் செய்தார்கள். புதுச் சேலையைவிடப் பழையதே மேல். துவைக்கத் துவைக்க நூல் உப்பித் துணியின் கண்கள் சிறுத்துவிடுகின்றன.

முடிவு என்ன தெரியுமா? வடிகட்டாத கிராமங்களோடு ஒப்பிட்டால், சேலையால் வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 சதவிகிதம் குறைந்தது! காசு செலவில்லாத ஒரு கந்தல் துணி, கிட்டத்தட்டப் பாதி நோயைத் தடுத்துவிட்டது.

ஆனால், மற்றப் பாதி? அதைத் துணியால் தடுக்க முடியவில்லை.

கடைசி வேலை அடுப்புக்கு

ஆகவே, வெள்ளக் காலத்தில் கலங்கல் நீர்தான் கதி என்றால், வரிசையை மறக்கக் கூடாது. முதலில் தெளிய வைத்து மேல் நீரை இறுக்க வேண்டும். அடுத்து, மடித்த துணியில் வடிக்க வேண்டும். வடித்த துணியை உடனே அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். கடைசியாக நீரைத் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது கொதித்தால்தான் கிருமிகள் மடியும்.

காய்ச்சிய நீரை மூடி வைத்து, காம்புள்ள அகப்பையால் எடுப்பது நல்லது. கையை விட்டு மொண்டால், பட்ட பாடெல்லாம் வீண்.

சாயமோ மருந்தோ கலந்த நீருக்கு இந்த முறைகள் போதா என்பதையும் மறக்க வேண்டாம். அந்த நீரைத் தொடாமல் விடுவதே நலம்.

தண்ணீர் தெளிவாக இருந்தால் கண்ணுக்குத் திருப்திதான். ஆனால், குழந்தையின் கையில் டம்ளரைக் கொடுக்குமுன் தாய் கேட்க வேண்டிய கேள்வி, "தெளிந்துவிட்டதா?" என்பது அல்ல, "காய்ச்சியாயிற்றா?" என்பதுதான்.